உள்ளே எத்தனை பேர்

உறைகிடங்கின் கதவு என் பின்னால் சாத்திக்கொண்டதும், இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். உள்ளே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. காலர் உயர்ந்த குளிர்கோட்டைப் போட்டிருந்தும் பல் தந்தியடித்தது.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் எங்கள் மேடம். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் விசாரணையில் இருந்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். ஒரு நாளைக்கு மொத்தமாக ஐம்பது வார்த்தை பேசினால் அதிகம். மீதியெல்லாம் நான் பேசுகிறேன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்பீக்கர்'.

மூன்று நிமிடம் ஆனதும் தலைக்கு மேல் அலாரம் அலறியது. மேலாளர் வெளியிலிருந்து கதவைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தீங்கல்ல? போலீஸ் டெஸ்ட் பண்ணினப்பவும் இப்படித்தான் அடிச்சுது. உள்ள ஆள் இருந்து, கதவு மூணு நிமிஷம் மூடியிருந்தா மணி அடிக்கும். மெஷின் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு அதை நிறுத்தின ஆள்தான் சரியில்லை."

நிறுத்தியதாக அவர் சொன்ன ஆள் கிடங்கின் காவலாளி. ஐம்பத்தெட்டு வயது. நான்கு நாட்களுக்கு முன், மதியம் ஒன்றேகால் மணிக்கு, பெட்டி அடுக்கும் தொழிலாளி ஒருவர் இந்த அறைக்குள் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிப்போயிருந்தது. அலாரம் அடிக்கவில்லை. ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அலாரத்தை நிறுத்தும் சாவி அந்த ஷிஃப்டில் காவலாளியிடம் மட்டுமே இருந்தது. போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது; நேற்று இரவு அவரைக் கைது செய்தார்கள்.

செத்தவர் காவலாளியின் மச்சினன். காவலாளி மனைவியின் ஒரே தம்பி.

எங்களைத் தேடி வந்தது காவலாளியின் மகள். "அப்பா மேல தப்பில்லைன்னு நிரூபிச்சுக் குடுங்க. அம்மா நாலு நாளா அவர் முகத்தைக்கூடப் பாக்கலை. மாமாவை அப்பாதான் கொன்னுட்டாருன்னு நினைக்கிறாங்க" என்றாள். இன்று நான்கு மணிக்கு அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது மணி பத்தரை.

"நான் உள்ள பாக்கணும்" என்றார் மேடம்.

கொக்கியிலிருந்து ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அவரும் உள்ளே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. கதவின் உள்பக்கத்தில், புதிதாக மாற்றிய கைப்பிடிக்குக் கீழே, பெயின்ட் உரிந்த கீறல்கள் இருந்தன. முழங்கால் உயரம்வரை இறங்கியிருந்தன. கடைசியில் அவர் உட்கார்ந்துவிட்டிருக்க வேண்டும். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

மேடம் அந்தக் கீறல்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர், நாம வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும் மேடம். என் காது உறைஞ்சு போச்சா, இல்ல நிஜமாவே மணி அடிக்கலையா?"

மணி அடிக்கவில்லை. மறுபடி என்னைத் தனியாக நிற்கவைத்தார்; அடித்தது. இருவரும் நின்றோம், அடிக்கவில்லை. மேலாளருக்கும் ஒரு கோட்டை மாட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்று பேர் நின்றோம். மூன்றாவது நிமிடத்தில் அலறியது. மேலாளரின் திருப்தி அந்தக் குளிரிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

"ஒருத்தர் போனா அடிக்குது, மூணு பேர் போனா அடிக்குது. ரெண்டு பேர்னா மட்டும் இதுக்கு என்ன கோபம்?" என்றார் மேடம்.

"எப்பவும் ஒருத்தர்தான் மேடம் உள்ள போவார். ரெண்டு பேர் சேர்ந்து போனா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. மணி அடிக்கலைன்னு யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றார் மேலாளர். குரல் இறங்கியிருந்தது.

*

அலாரத்துக்குப் புரோகிராம் எழுதியவரை ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் பிடித்தோம். முப்பது வயதிருக்கும். மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "வாய்ப்பே இல்லை. நானே டெஸ்ட் பண்ணினேன்" என்றார்.

"எத்தனை பேரை வெச்சு?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான். நான் ஒருத்தன் உள்ள போய் நின்னு பாத்தேன்."

"அந்தப் புரோகிராமைக் காட்டுங்க."

திரையில் வரிகள் ஓடின. இந்த இடத்தில் என் பழைய பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். துப்பறிய வருவதற்கு முன் நானும் இரண்டு வருடம் இதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். அதனால் முப்பத்தெட்டாவது வரியில் என் பார்வை நின்றது. கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு பக்கம், உள்ளே எத்தனை பேர் என்று இன்னொரு பக்கம். நடுவில் '&' என்ற குறி, ஒன்றே ஒன்று.

"இங்க ரெண்டு '&' இல்ல இருக்கணும்?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. மேடத்துக்குப் புரியவில்லை.

"எனக்கும் சொல்லு. தமிழ்ல சொல்லு."

அந்த அறைச் சுவரில் இரண்டு சுவிட்ச் போர்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு சுவிட்ச். எழுந்துபோய் அவற்றைக் காட்டினேன்.

"மெஷினுக்கு எண்ணுன்னா வரிசையா சுவிட்ச்தான் மேடம். ஒண்ணுன்னா கடைசி சுவிட்ச் மட்டும் ஆன். ரெண்டுன்னா அதுக்கு முந்தினது ஆன், கடைசி ஆஃப். மூணுன்னா ரெண்டுமே ஆன். இப்ப முதல் போர்டு கதவு. மூடியிருந்தா ஒண்ணு. அதாவது கடைசி சுவிட்ச் ஆன். அடுத்த போர்டு உள்ள இருக்கற ஆளுங்க. ரெண்டு '&' போட்டா மெஷின் சுவிட்ச் சுவிட்சா பாக்காது. இந்த போர்டுல ஏதாவது ஆன்ல இருக்கா, அந்த போர்டுல ஏதாவது ஆன்ல இருக்கா, அவ்வளவுதான் கேக்கும். ரெண்டுக்கும் ஆமான்னா மணி அடிச்சிடும். பத்து பேர் இருந்தாலும் அடிக்கும்."

"ஒரு '&' போட்டா?"

"ஜோடி பாக்கும். இந்தக் கடைசிக்கு அந்தக் கடைசி, இந்த முந்தினதுக்கு அந்த முந்தினது. ஏதாவது ஒரு ஜோடியாவது ரெண்டு பக்கமும் ஆன்ல இருக்கணும். உள்ள ஒருத்தர்னா கடைசிக்குக் கடைசி சேரும். மூணு பேர்னாலும் சேரும். ரெண்டு பேர்னா..."

கதவு போர்டில் கடைசி சுவிட்சை மட்டும் போட்டேன். ஆட்கள் போர்டில் முந்தினதை மட்டும் போட்டேன்.

"கதவும் மூடியிருக்கு. ஆளும் இருக்காங்க. ஆனா ஒரு ஜோடிகூடச் சேரலை" என்றார் மேடம்.

"சேரலைன்னா பூஜ்யம். பூஜ்யம்னா மெஷினைப் பொறுத்தவரைக்கும் எல்லாரும் சௌக்கியம்."

புரோகிராமர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் கவனக்குறைவா விடலைங்க. யோசிச்சுதான் ஒண்ணு போட்டேன். ரெட்டை '&' ஒரு சோம்பேறி. முதல் கேள்விக்கு இல்லைன்னு பதில் வந்தா ரெண்டாவதைக் கேக்கவே கேக்காது. கதவு திறந்திருந்தா உள்ள எண்ணுற சென்சார் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. சென்சார் கெட்டுப்போனாக்கூடத் தெரியாம போயிடும். ஒத்தை '&' ரெண்டையும் ஒவ்வொரு தடவையும் கேக்கும். பாதுகாப்பா இருக்கட்டுமேன்னுதான்..."

"பாதுகாப்பா இருக்கட்டும்னு" என்று மேடம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதில் கேலி இல்லை.

"இதே புரோகிராம் எத்தனை இடத்துல ஓடுது?"

"முப்பத்தோரு அறை."

"இப்பவே மாத்துங்க."

"ஓனர் விடமாட்டார் மேடம். கேஸ் நடக்குது, இப்ப கை வெச்சா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு சொல்லிட்டார். மெஷின் மேல தப்புன்னு போலீஸ் எழுதினாத்தான் தொடவே விடுவார்."

*

படியிறங்கும்போது உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், போலீஸ் நினைச்சது தலைகீழ். யாரும் எதையும் நிறுத்தலை. அன்னைக்கு உள்ள ரெண்டு பேர் இருந்திருக்காங்க, அதான் மணி அடிக்கலை. ஒருத்தர் செத்துட்டார். இன்னொருத்தன் எங்கே? அவன்தான் நம்ம ஆள்."

"வாய் இருக்கற வேகத்துக்கு வண்டியை ஓட்டு" என்றார் மேடம்.

கிடங்கில் அந்த ஷிஃப்டில் செத்தவரையும் காவலாளியையும் விட்டால் இரண்டே பேர். ஒருவர் மேலாளர். ஒன்று முதல் இரண்டரை வரை தலைமை அலுவலகத்தோடு வீடியோ மீட்டிங்கில் இருந்தார். பதிவைப் போட்டுக் காட்டினார். கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது. இன்னொருவர் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். வாசலில் இரண்டு லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். வாசல் கேமரா அவரை விட்டு நகரவில்லை. மூன்றரைக்குத்தான் இறங்கியிருக்கிறார். சந்தேகப்பட்டதற்கு அவர் கோபப்படவில்லை.

"அவனைத் தூக்கி வெளிய கொண்டுவந்தது நான்தான் சார். இந்தக் கையாலதான். அப்புறம் என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார்.

வெளியாள் வரவும் வழியில்லை. வாசல் ஒன்றுதான், கேமராவும் அங்கேதான். என் கொலைகாரன் கண்முன்னால் கரைந்துபோனான். மணி இரண்டு ஐம்பது.

காரில் உட்கார்ந்து மேடம், காவலாளியின் மகள் கொடுத்திருந்த போலீஸ் பட்டியலின் நகலைப் பிரித்தார். உடலிலிருந்து எடுத்த பொருட்கள். கைக்குட்டை ஒன்று, சாவிக்கொத்து ஒன்று, கையுறை ஒரு ஜோடி. அடுத்த வரியில் அவர் விரல் நின்றது.

"குளிர்கோட்டு, இரண்டு" என்று படித்தார்.

"அந்தக் குளிருக்கு நான் நாலு போட்டிருப்பேன் மேடம்."

"உள்ள கோட்டு எதுவும் மாட்டி வெக்கலையே. கொக்கி எல்லாம் வெளியிலதானே இருக்கு. போகும்போதே ரெண்டு போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கார்."

அவர் புரோகிராமருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்தார். இந்த முறை நிஜ ஸ்பீக்கரை.

"உள்ள எத்தனை பேர்னு மெஷின் எப்படி எண்ணுது?"

"கதவு நிலையில ஒரு ரீடர் இருக்கு மேடம். கோட்டுக் காலர்ல சின்ன வில்லை தைச்சிருக்கும். அது உள்ள போனா ஒண்ணு கூடும், வெளிய வந்தா ஒண்ணு குறையும். தனி பேட்ஜ்னா மறந்துட்டுப் போயிடுவாங்க. கோட்டு இல்லாம அங்க யாரும் போக முடியாதுல்ல, அதான்..."

அவர் குரல் பாதியில் நின்றது.

"அப்ப அது ஆளை எண்ணலை. கோட்டை எண்ணுது" என்றார் மேடம்.

அன்று உள்ளே போனது ஒரே ஒரு மனிதர். மெஷினுக்கு இரண்டு பேர். நான் காலையிலிருந்து தேடிய அந்த இரண்டாவது ஆள், செத்தவரின் தோளில்தான் இருந்தான்.

பட்டியலில் கோட்டு எண்களும் இருந்தன. உள்ளே போட்டிருந்தது ஏழாம் எண், செத்தவருடையது. மேலே போட்டிருந்தது மூன்றாம் எண். மேலாளரிடம் போய்க் கேட்டோம். மூன்றாம் எண் கோட்டு யாருக்குக் கொடுத்தது என்று ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

காரைக் காவல் நிலையத்துக்கு விடச் சொன்னார் மேடம். வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. அது இந்த வேலையில் முதல் முறை.

*

காவல் நிலையத்தில் காவலாளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் தாடி. எதிர்ச்சுவர் ஓரம் இன்னொரு பெஞ்சில் அவர் மனைவியும் மகளும். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கணவர் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மணி மூன்று இருபத்தைந்து.

இன்ஸ்பெக்டரிடம் மேடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் நல்ல மனிதர். இரண்டு தடவை திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டார். "கோட்டு விஷயத்தை அவர் வாயால சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டா, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம். கம்பெனி மேல வேற கேஸ் போட்டுக்கறேன்" என்றார்.

மேடம் காவலாளிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்க கோட்டை யாருக்குக் குடுத்தீங்க?"

"மச்சானுக்கு" என்றார் அவர், யோசிக்காமல். "அவன் கோட்டுல ஜிப் போயிடுச்சும்மா. ரெண்டு வாரமா மாத்திக் கேட்டான், ஆபீஸ்ல குடுக்கலை. நெஞ்சுல சளி வேற. அவன் வேணாம்னுதான் சொன்னான். 'மேல இதையும் போட்டுக்கடா'ன்னு நான்தான் மாட்டிவிட்டேன். எதுக்குக் கேக்கறீங்க?"

"காலர்ல ஒரு வில்லை இருக்குமே, அது என்னன்னு தெரியுமா?"

"கோட்டு திருட்டுப் போகாம இருக்கத் தைச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

மேடம் என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்வது என் வேலை. சுவிட்ச், ஜோடி, ஒன்று, இரண்டு என்று காலையில் கடகடவென்று சொன்ன அதே விஷயம். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவருக்கு '&' எல்லாம் புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அப்ப நான் குடுக்காம இருந்திருந்தா..."

நான் மேடத்தை அவசரமாகப் பார்த்தேன். ஏதாவது மழுப்பிச் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அடிச்சிருக்கும்" என்றார் மேடம்.

அந்த நொடி எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

காவலாளி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நான்தான் அலாரத்தை நிறுத்தினேன்னு எழுதிக்கோங்க."

"அப்பா" என்று மகள் எழுந்தாள்.

"இரும்மா. நிறுத்தினேன்னா அது தப்பு. தப்புக்கு இத்தனை வருஷம்னு ஒரு தண்டனை இருக்கு. அனுபவிச்சா ஒரு நாள் முடிஞ்சிடும். இதுக்கு என்ன இருக்கு?"

இன்ஸ்பெக்டர் எழுதிவைத்த தாள் மேஜைமேல் கிடந்தது. 'என் கோட்டை அவருக்குக் கொடுத்தேன்' என்று அதில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்.

மேடம் அன்றைய ஐம்பது வார்த்தைகளை எப்போதோ தாண்டிவிட்டார். ஆனாலும் பேசினார்.

"நீங்க நிறுத்தினேன்னு எழுதினா மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம். யாரும் அதைத் தொடமாட்டாங்க. இதே மாதிரி முப்பத்தோரு அறை இருக்கு. அங்கயும் ஜிப் போன கோட்டு இருக்கும். பக்கத்துல நல்ல மனுஷன் ஒருத்தர் இருப்பார். என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்."

காவலாளி தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். கை நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. வெளியே வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

ஜன்னல் பக்கமிருந்து அவர் மனைவி எழுந்தார். மெதுவாக வந்து, கணவரின் பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"அவனுக்குக் குடுத்துட்டு, அன்னைக்கு நீங்க என்ன போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எனக்கென்ன. நான் வெளியிலதானே இருந்தேன்" என்றார் அவர்.

சொன்னதும் உடைந்துபோனார். வயதான மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மனைவி அவர் தோளைத் தொடவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் விரல்களுக்கிடையில் வைத்தார்.

"போடுங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றார்.